தேய்த்துப் புண்ணான முகத்துக்கு என்ன மருந்து?

மாலை ஆறு மணி. ஓசூர் சிப்காட் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் வேலை முடிந்து அப்பா வீடு திரும்புகிறார். இரண்டு கைகளிலும் கிரீஸ். நேரே குழாயடிக்குப் போகிறார். சலவைத் தூளில் கொஞ்சம் மரத்தூளைக் கலந்து, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்க்கிறார். கன்னங்கரேலென்று தண்ணீர் ஓடுகிறது. ஐந்தே நிமிடத்தில் கைகள் பளிச்சென்று ஆகிவிடுகின்றன.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் பக்கத்தில் நின்று இதைப் பார்க்கிறான். அவன் நெற்றியில் நாலைந்து பருக்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் முகமெல்லாம் புழுதி. நாளைக்குப் பள்ளியில் வகுப்புப் புகைப்படம் எடுக்கப் போகிறார்கள். கிரீஸே போகிறது என்றால் முகத்தில் இருப்பது போகாதா என்று அவனுக்குத் தோன்றுகிறது. அப்பா உள்ளே போனதும் அந்த நாரை எடுத்துக்கொள்கிறான்.

மறுநாள் காலையில் கன்னங்கள் சிவந்து இழுத்துப் பிடிக்கின்றன. தண்ணீர் பட்டால் எரிகிறது. மூக்கோரத்தில் செதில் செதிலாக உரிகிறது. பருக்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன, கொஞ்சம் பெரிதாக.

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் உங்களில் பலருக்குக் கற்பனையாகத் தோன்றாது. அந்தப் பையன் கையில் இருப்பது தேங்காய் நார். உங்கள் கையில் பீர்க்கங்கூடோ, நைலான் பிரஷ்ஷோ, சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த கலவையோ, மணல்போல் நறநறக்கும் கடைப் பசையோ இருக்கலாம். நானும் உங்கள் வயதில் பீர்க்கங்கூட்டால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு மூன்று வாரம் அவதிப்பட்டவன். ஆகவே இதை வாத்தியார் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வது முதல் தவறு. அதற்கு உடனே ஏதாவது மருந்து போட வேண்டும் என்று பரபரப்பது இரண்டாவது தவறு. பல சமயங்களில் இரண்டாவதுதான் பெரியது. ஏன் என்று பார்ப்போம்.

ஒன்பது அடுக்குச் சுவர்

நம் தோலின் மேற்பரப்பில், நாம் தொட்டுப் பார்க்கும் இடத்தில், உயிரில்லாத ஒரு படலம் இருக்கிறது. அதைக் கொம்புப் படலம் என்பார்கள். மாட்டுக் கொம்பிலும் நம் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இதிலும் நிறைந்திருக்கிறது. அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மேலே வந்து, தட்டையாகி, உயிரை விட்டு, ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் சேர்ந்த கொழுப்புக் கலவை நிரம்பியிருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் எலியாஸ் என்ற தோல் ஆராய்ச்சியாளர் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். உயிரணுக்கள் செங்கல், கொழுப்பு அவற்றை ஒட்டும் சாந்து. உடம்பின் நீர் வெளியே ஆவியாகிவிடாமலும், வெளியே உள்ள நுண்ணுயிர்களும் இரசாயனங்களும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

இந்தச் சுவரில் எத்தனை அடுக்கு? ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் 1999இல் உடலின் பல பாகங்களில் எண்ணிப் பார்த்து எழுதினார்கள். குதிகாலில் சுமார் 86 அடுக்கு. உள்ளங்கையிலும் பாதத்திலும் ஏறக்குறைய 50. முகத்திலோ சுமார் 9 தான்!

அப்பாவின் உள்ளங்கை தாங்கியதை மகனின் கன்னம் ஏன் தாங்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? (அப்பாவின் கையும் முழுக்கத் தாங்குவதில்லை. பட்டறைத் தொழிலாளர்களின் புறங்கையில், விரலிடுக்கில் வரும் வெடிப்பையும் அரிப்பையும் பாருங்கள். எண்ணெயும் கூலன்ட்டும் ஒரு பக்கம், அவற்றைப் போக்கப் போடும் சலவைத் தூள் மறு பக்கம். அவருக்கும் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள்.)

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஓசூர்ச் சந்தையில் முட்டைக்கோசுக்குப் பஞ்சமில்லை. வெளி இலையோடு ஒன்று வாங்கி வாருங்கள். இலையின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் படலம் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருளும். இப்போது இலையின் ஒரு பாதியை மட்டும் பாத்திரம் தேய்க்கும் நாரால் நாலு தேய் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி சொட்டு விடுங்கள். அந்தப் பாதியில் நீர் பரவி ஒட்டிக்கொள்ளும். இலை முன்னைவிடப் பளபளப்பாக, "சுத்தமாக"க்கூடத் தெரியும். ஆனால் அது தன் காப்பை இழந்துவிட்டது. இரண்டு பாதியையும் வெட்டி வெயிலில் வைத்தால் எது முதலில் வாடுகிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

முகத்தைத் தேய்த்தவுடன் தெரியும் பளபளப்பும் இத்தகையதுதான். அடுத்த நாள் தெரியும் இழுப்பும் எரிச்சலும் நீர் ஆவியாகும் வாடலும், நரம்பு நுனிகளை வெளிப்பொருள்கள் எட்டிவிட்டதும்தான்.

சோப்பும் மஞ்சளும் போர்வெல் தண்ணீரும்

நார் மட்டும் குற்றவாளி அல்ல. மஞ்சள் கறை பட்ட வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ஒரு நிறங்காட்டி. காரம் பட்டால் சிவக்கும். அதாவது சாதாரணச் சோப்பு ஒரு காரப்பொருள். அதன் பி.எச். எண் 9க்கும் 10க்கும் இடையில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ இலேசான அமிலத்தன்மை உடையது. அதன் எண் ஏறக்குறைய 5. இந்த அமிலப் போர்வையைப் பற்றி ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1928லேயே எழுதினார்கள். பி.எச். அளவில் ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதான். 5க்கும் 9க்கும் எத்தனை மடங்கு வேறுபாடு என்று கணக்குப் போடுங்கள். பத்தாயிரம் மடங்கு! சோப்புப் போட்டுக் கழுவிய முகம் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். சுவருக்குச் சாந்து குழைக்கும் நொதிகள் அந்த அமில நிலையில்தான் சரியாக வேலை செய்யும். மூன்று வேளை சோப்புப் போடுபவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாறைப் பூமியில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினநீர். அதில் கரைந்துள்ள கால்சியம், சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அது தோலிலும் படியும். நுரை வரவில்லையே என்று மேலும் சோப்புப் போடுகிறோம். பிசுபிசுக்கிறதே என்று மேலும் தேய்க்கிறோம். மழைநீரைப் பிடித்து ஒரு புட்டியிலும், போர்வெல் நீரை மற்றொன்றிலும் எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். எதில் நுரை அதிகம் என்று தெரியும்.

நுரை என்றதும் எனக்குக் கெலவரப்பள்ளி அணைதான் நினைவுக்கு வருகிறது. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த அந்த அணையின் மதகு வழியே பாயும்போது, நுரை பஞ்சுமலைபோல் குவிந்து நிற்கும் படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். சிலர் நேரிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். இந்த நுரைக்குப் பெரும் காரணம், வீட்டுக்கு வீடு பயன்படுத்தும் சலவைப் பொருள்களில் உள்ள பரப்புக் கிளர்த்திகள். இவற்றின் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று நீரைப் பிடிக்கும், மற்றது கொழுப்பைப் பிடிக்கும். தட்டிலுள்ள எண்ணெயை நீரோடு இழுத்துப் போவது இப்படித்தான். ஆனால் அந்த மூலக்கூறுக்கு எண்ணெய்ப் பிசுக்கு எது, உங்கள் கன்னத்துச் சுவரின் சாந்து எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். சலவைத் தூள் முகத்துக்கு ஆகாது என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

புழுதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் குவாரிகளும் மெருகேற்றும் பட்டறைகளும் இருக்கின்றன. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரணக் கத்தி எஃகைவிட அதிகம். அந்தத் தூள் படிந்த முகத்தை உலர்ந்த கைக்குட்டையால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீரை வாரி அடித்துத் தூளை ஓடவிட வேண்டும். பிறகு துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும்.

எதை நீக்கத் தேய்க்கிறோம்?

பெரும்பாலும் இரண்டை. ஒன்று பரு, மற்றது நிறம். இரண்டுமே அழுக்கு அல்ல.

பரு எப்படி வருகிறது? உங்கள் வயதில் உடலில் புதிதாகப் பெருகும் ஹார்மோன்களின் தூண்டுதலால், மயிர்க்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாய் அடைபடுகிறது. உள்ளே எண்ணெய் தேங்கி, நுண்ணுயிர் பெருகி, அழற்சி உண்டாகிறது. இவ்வளவும் தோலுக்கு உள்ளே நடப்பது. மேலே தேய்த்து இதை எப்படி எட்ட முடியும்? தேய்ப்பதால் பரு வருகிறது என்பதுதான் உண்மை. மில்ஸ், கிளிக்மன் என்ற இருவர் 1975இல் இதை விளக்கினார்கள். தலைக்கவசத்தின் நாடாவும் தோள்பட்டைக் கவசமும் உரசும் இடங்களில் விளையாட்டு வீரர்களுக்குப் பருக்கள் பெருகுவதைக் கண்டு, உராய்வால் வரும் பரு என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். இரு சக்கர வண்டிகள் செய்யும் ஊர்க்காரர்களான நீங்கள், ஹெல்மெட் நாடா படும் தாடையைக் கவனித்துப் பார்க்கலாம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள்; நாடாவைத் துவைத்து மாட்டினால் போதும். (இந்தக் கிளிக்மன் பிலடெல்பியா சிறையில் கைதிகளின் தோலில் நடத்திய சோதனைகளுக்காகப் பிற்காலத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர். அறிவியலில் பெயர் பெற்றவர்கள் எல்லாரும் பின்பற்றத் தக்கவர்கள் அல்லர்.)

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. 'நன்றாகத் தேய்த்துக் குளி, அழுக்கு அடையாக இருக்கிறது' என்று கறுத்த பிள்ளைகளை மட்டும் பார்த்துச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. சொல்பவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பார். மனத்தில் விஷம் இல்லாதவர்தான். ஆனாலும் அது தவறு. நம் நிறம் மெலனின் என்ற நிறமியால் ஆனது. அதைச் செய்யும் உயிரணுக்கள் மேல்தோலின் அடிவரிசையில், அந்த ஒன்பது அடுக்குக்கும் கீழே, உயிருள்ள பகுதியில் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உயிரணுக்களின் உட்கருவைக் காக்கும் குடை அது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு, பலத்த கண்டனங்களுக்குப் பிறகு 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நம் வீட்டுக் குளியலறைகள் இன்னும் எடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தேய்ப்பதால் தோல் வெளுப்பதற்குப் பதில் கறுக்கிறது. அழற்சி ஏற்பட்ட இடத்தில் மெலனின் செய்யும் உயிரணுக்கள் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கிவிடும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் இது மிகுதி. 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள், நைலான் துண்டாலும் பிரஷ்ஷாலும் நாள்தோறும் உடம்பைத் தேய்த்துக் குளித்தவர்களுக்கு எலும்பு மேடான இடங்களில் கருமை படர்வதைக் கண்டு எழுதினார்கள். நம் நாட்டுத் தோல் மருத்துவர்களும் இத்தகைய உராய்வுக் கருமையை அடிக்கடி பார்க்கிறார்கள். சிவப்பாக வேண்டும் என்று தேய்த்து, கரும்படை வாங்கி வருவது!

சுவர் தானே எழும்

சரி, தேய்த்தாயிற்று. முகம் எரிகிறது. இப்போது என்ன நடக்கும்?

1951இல் ஹெர்மன் பிங்கஸ் என்பவர் ஓர் எளிய முறையைக் கையாண்டார். பசைநாடாவைத் தோலில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து, கொம்புப் படலத்தை அடுக்கடுக்காக நீக்கினார். பிறகு அடியில் உள்ள உயிரணுக்களைக் கவனித்தார். இரண்டு, மூன்று நாட்களுக்குள் அவை மும்முரமாகப் பிரிந்து பெருகுவதைக் கண்டார். (நீங்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். முட்டைக்கோசோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். காப்புப் படலம் சேதமானதும் சில நிமிடங்களிலேயே, மேலடுக்கு உயிரணுக்கள் தம்மிடம் தயாராக வைத்திருக்கும் கொழுப்புப் பைகளை விளிம்புக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. புதிய கொழுப்பு வேகமாகத் தயாராகிறது. நலமான இளம் தோலில், ஒரே ஒருமுறை ஏற்பட்ட சேதமானால், அரை நாளுக்குள் காப்பில் ஏறக்குறையப் பாதி திரும்பிவிடுகிறது. மூன்று நாட்களில் அநேகமாக முழுதும். உரிந்த அடுக்குகள் ஒழுங்காக அமைய ஒரு வாரம், இரண்டு வாரம். அடியில் பிறந்த உயிரணு மேலே வந்து உதிர நான்கு வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இதில் 'ஒரே ஒருமுறை' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் தேய்ப்பவரின் கொத்தனார் அரைச் சுவர் எழுப்புவதற்குள் மறுபடி இடிபடுகிறது. வாரக்கணக்கில் எரிச்சல் போகவில்லை என்பவர்களில் பலருக்குத் தோலில் குறையில்லை. கை சும்மா இருப்பதில்லை.

ஆகவே நான் சொல்லும் சிகிச்சை மிகச் சோம்பேறித்தனமானது. நார், பிரஷ், மாவு, கடைப் பசை, எலுமிச்சை, பற்பசை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முதல் மூன்று நாள் முகத்துக்குச் சோப்பே வேண்டாம். குளிர்ந்த தண்ணீரை வாரி அடித்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்துக் குளிப்பது வழக்கம். உடம்புக்கு ஊற்றுங்கள். முகத்துக்கு வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம், சூடு சாந்தை இன்னும் கரைக்கும். கழுவிய ஈரம் காய்வதற்குள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை, வாசனையும் நிறமும் சேர்க்காததை, மிக மெல்லியதாகத் தடவலாம். அது மேலே பாலித்தீன் தாள்போல் மூடிக்கொள்ளாது. கொழுப்பின் இடைவெளிகளில் ஊடுருவி நின்று நீரிழப்பைக் குறைக்கும், அடியில் நடக்கும் கட்டுமானத்தையும் தடுக்காது. பரு உள்ள இடத்தில் வழியவழியப் பூச வேண்டாம். பிறகு தினம் ஒருமுறை, காரமில்லாத மென்மையான கழுவுபொருள் இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் தண்ணீரே போதும்.

எலுமிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பி.எச். எண் ஏறக்குறைய 2. அதோடு, எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், கொப்புளமும் நீண்டநாள் கருமையும் வரக்கூடும். இயற்கைப் பொருள்தானே என்று வாதாட வேண்டாம். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களிடம் மாங்காய்ப் பாலைப் பற்றிக் கேளுங்கள். அதுவும் இயற்கைப் பொருள்தான். வாயோரத்தில் பட்டால் எப்படி வெந்துபோகும் என்பது காயைக் கடித்துத் தின்ற எல்லாருக்கும் தெரியும்.

மருந்துக்கடைக் களிம்பு

இப்போது நான் அஞ்சும் இடத்துக்கு வந்துவிட்டோம். முகம் சிவந்து எரிகிறது. மருந்துக்கடைக்குப் போய் 'அண்ணா, முகம் எரியுது, ஏதாவது கிரீம் குடுங்க' என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு சிறிய டியூப்பைத் தருகிறார். இரவு தடவுகிறீர்கள். காலையில் சிவப்பு மாயம்! எரிச்சல் இல்லை. முகம் கொஞ்சம் வெளுத்தும் இருக்கிறது. எத்தனை நல்ல மருந்து என்று நண்பனுக்கும் சொல்கிறீர்கள்.

அந்த டியூப்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவை ஸ்டீராய்டுகள். தக்க நோய்க்கு, தக்க அளவில், தக்க நாள் வரை மருத்துவர் கொடுத்தால் அருமையான மருந்துகள். ஆனால் அவை சுவரைக் கட்டுவதில்லை. இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, அலறும் மணியின் வாயைக் கட்டுகின்றன. நாளடைவில் தோலை மெலியச் செய்கின்றன. சுவர் எழுவதையும் தாமதப்படுத்துகின்றன. முகத்தில் இது ஏன் இன்னும் ஆபத்து? 1967இல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இருவர், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உடலின் வெவ்வேறு இடங்களில் எவ்வளவு உட்புகுகிறது என்று அளந்தார்கள். முன்கையில் புகுவதை 1 என்று வைத்தால், நெற்றியில் 6, தாடையோரத்தில் 13! அதுவும் நலமான தோலில். தேய்த்து இடித்த சுவர் எதைத் தடுக்கப் போகிறது?

மாதக்கணக்கில் தடவியவர் நிறுத்தினால் முகம் முன்னைவிடப் பன்மடங்கு சிவந்து எரியும். மறுபடி தடவினால் அடங்கும். இப்படியே அடிமையாகிவிடுவார்கள். பருக்கள் கொத்தாக வரும். பெண் குழந்தைகளுக்குக் கன்னத்தில் முடி வளரும். இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோல் தெரியும். இது எங்கோ நடப்பது அல்ல. நம் நாட்டில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முகத்தோல் கோளாறுகளோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்புகளைப் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. 392 பேருக்குக் கெடுதல் நேர்ந்திருந்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டு குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடைக்கு முன்னால் நிற்கும்போது உங்களைக் காப்பது உங்கள் கண்தான். அட்டைப்பெட்டியில் நெடுக்காகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், அது சீட்டு வேண்டிய மருந்து. மறைமுகமாகக் கேட்க வேண்டியதில்லை. 'அண்ணா, இதில் ஸ்டீராய்டு இருக்கா?' என்று நேராகக் கேளுங்கள். ஏற்கெனவே பல வாரமாகப் பூசி வருபவர்கள், இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் தூக்கிப் போடாமல், டியூப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

எப்போது மருத்துவரிடம் போவது? தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால், சீழ் வைத்தால், கொப்புளித்தால், கண்ணோரம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தும் இரண்டு வாரத்தில் எரிச்சல் தணியாவிட்டாலும் போக வேண்டும். ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பருவுக்கும் அங்கே போகலாம். பரு ஒரு நோய், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எரிச்சல் போன பிறகும் கன்னத்தில் கருநிழல் தங்கியிருக்கலாம். அது சில மாதம் இருந்து மெல்ல மங்கும். வெயில் அதைக் கூட்டும் என்பதால் நடுப்பகலில் குடையோ தொப்பியோ வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் குடை பிடித்தால் கேலி செய்வார்கள் என்றால், நிழலோரமாக நடங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாறுதல் தெரியாது. நான் அந்தக் காலத்தில் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பென்சிலால் ஒரு குறி போட்டு வந்தேன். மற்ற நாட்களில் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நாலாவது குறி போடும்போது எரிச்சலும் செதிலும் எப்போதோ போயிருந்தன. நிழல் மட்டும் பொங்கல் தாண்டியும் இருந்தது.

அந்தப் பீர்க்கங்கூட்டை நான் தூக்கியெறியவில்லை. குதிகாலுக்கு வைத்துக்கொண்டேன். அங்கேதான் 86 அடுக்கு இருக்கிறதே.